பூக்கடைக்காரியின் பன்னிரண்டு சொற்கள்

உங்கள் பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. 'திறந்த மூல மென்பொருள் எப்படிப் பரவியதோ, அப்படியே கிரிப்டோவும் பரவும்.' அதை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த வாக்கியத்தை நம்பி நாற்பது கடை ஏறி இறங்கியவன் நான். திங்கட்கிழமை முதல் நீங்களும் கிரிப்டோ செயலியைப் போட்டுக்கொடுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போகப்போகிறீர்கள். போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் இப்போது யாருடைய சம்பளத்திலும் இல்லை.

என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது. அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, கோவாவில் ஓட்டல், மும்பையில் கட்டடங்களுக்கு ஒயர் இழுக்கும் வேலை. ஒரு வருடத்துக்கு மேல் எந்த ஊரிலும் கால் நிற்கவில்லை. நாகர்கோவிலுக்குத் திரும்பலாம் என்று ரயிலேறியபோது கையிலிருந்த காசுக்குத் தம்பானூர் ஸ்டேஷன் வரைதான் டிக்கெட் கிடைத்தது. அதனால் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். ஊர் பிடித்து இறங்கியதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. அரசாங்கப் பள்ளிகளில் லினக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளைப் போட ஆரம்பித்திருந்த காலம். ஒருநாள் மென்பொருள் போடுகிற ஆள் வரவில்லை. சி.டி. இருந்தது, நான் இருந்தேன். திரையில் வந்த கேள்விக்கெல்லாம் 'யெஸ்' அமுக்கினேன், ஏறிவிட்டது. மறுநாளிலிருந்து பெட்டி தூக்க வேறு ஆள் வந்தான், நான் சி.டி. போடுகிறவன் ஆனேன். பல வருடம் அந்த வேலைதான். பஸ் போய்விட்டால் ஆய்வக பெஞ்சிலேயே படுத்துக்கொள்வேன்.

அது எப்படிப் பரவியது என்று என்னிடம் கேளுங்கள். கூட்டங்களில் பெரியவர்கள் வந்து சுதந்திரம் என்று பேசினார்கள். நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். ஆசிரியர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வரி நிரலைத் திறந்து படித்த ஓர் ஆசிரியரையும் நான் பார்த்ததில்லை. நானும் படித்ததில்லை. அது பரவியதற்குக் காரணம், காலையில் ஒரு டீச்சர் போன் போட்டு, "சாரே, ஸ்கிரீன் கருப்பா நிக்குது, பிள்ளைங்க வந்தாச்சு, வேகம் வரணே" என்றால் போனை எடுக்க ஓர் ஆள் இருந்தான் என்பதுதான். போவோம். சரியானால் சரி. ஆகாவிட்டால் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுவோம். எதுவும் குறையாது. அந்தச் சி.டி. எத்தனை தடவை போட்டாலும் தேயாது.

ஒரே ஒரு தடவை நானே மாட்டிக்கொண்டேன். செய்முறைத் தேர்வு நாள். இருபது மெஷின். அவற்றை நிர்வகிக்கும் கடவுச்சொல்லை வைத்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்த டீச்சருக்குத் தெரியாது, எனக்கும் நினைவில்லை. பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நிற்கிறார்கள். நான் ஒவ்வொரு மெஷினாகத் துடைத்துத் திரும்பப் போட்டேன். பத்து மணித் தேர்வு மூன்று மணிக்குத் தொடங்கியது. டீச்சர் என்னைத் திட்டவில்லை. "ஒரு நோட்டுல எழுதி வச்சா எந்தா? மறக்காத மனுஷன் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே ஒரு நீளநோட்டு வாங்கினேன். அதன்பிறகு நான் கால் வைத்த எல்லாப் பள்ளியின் கடவுச்சொல்லும் அதில் ஏறியது. யார் மறந்தாலும் நான் நோட்டோடு போய் இறங்குவேன். அதைப் பார்த்ததும் டீச்சர்களின் முகத்தில் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறேன். எனக்கு இருந்த ஒரே பட்டம் அந்த நோட்டுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிகளில் வேலை குறைந்து, நான் திரும்பவும் கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தபோது சங்கர் என்னைத் தேடி வந்தான். வலியசாலை அக்கிரகாரத்துப் பையன். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, கிரிப்டோவில் பணம் வாங்க, வைத்துக்கொள்ள ஒரு செயலியை உருவாக்கியிருந்தான்.

"அண்ணா, ஸ்கூல் ஸ்கூலா லினக்ஸைக் கொண்டுபோய்ச் சேத்தது நீங்கதானாமே. அதேதான் இதுவும். ப்ரோகிராம் கோடு திறந்து கிடக்கு. கணக்குப் புஸ்தகமும் திறந்து கிடக்கு. யார் வேணும்னாலும் பாத்துக்கலாம். நடுவுல ஒருத்தன் வேண்டாம், பேங்க் வேண்டாம். சாலைக் கடைத்தெருவுல இருக்கறவா முக்காவாசி உங்க ஊர்க்காராதானே? நீங்கோ சொன்னா கேப்பா."

நான் சரி என்றேன். மாதச் சம்பளம் என்று வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

சாலைக் கடைத்தெருவில் தோவாளைப் பூக்காரர்கள், நாகர்கோவில் பலசரக்குக்காரர்கள், திருநெல்வேலிப் பாத்திரக்காரர்கள் என்று நம் பேச்சு கேட்கும். முதலில் போனது சுடலைமுத்து அண்ணாச்சியின் மிளகாய் வற்றல் கடைக்கு. விளக்கிச் சொன்னேன். அவர் தும்மிக்கொண்டே கேட்டார்.

"பேங்கு இல்லங்கேரு. மேனேஜர் இல்லங்கேரு. அப்போ நம்ம துட்டுக்கு காவலு யாருவே?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"அப்போ நான் மத்தியானம் ஒறங்குனா?"

கடைப் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைவிடச் சரியான கேள்வியை அந்த நாற்பது கடையில் யாரும் கேட்கவில்லை. பதில் தெரியாததால்தான் சிரித்தேன். அப்படியும் அவர் செயலியைப் போட்டுக்கொண்டார்.

இந்தச் செயலியைப் போட்டதும் திரையில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வரும். பூனை, ஏணி, எலுமிச்சை என்பதுபோலச் சம்பந்தமில்லாத சொற்கள். போன் போனாலும் அந்தச் சொற்கள் இருந்தால் பணத்தை மீட்கலாம். சொற்கள் போனால் பணம் போனது. வேறொருவன் கையில் சொற்கள் இருந்தால் பணமும் அவனுடையது. சங்கர் முதல் நாளே சொன்னான்: "அந்த வார்த்தை வரும்போது நீங்கோ முகத்தத் திருப்பிக்கணும். அவாளே எழுதணும். நீங்கோ பாக்கவே படாது. இதுல மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது, அண்ணா."

முதல் இரண்டு கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாவது கடை பகவதியின் பூக்கடை. கடை என்றால் ஒரு பலகை, நாலு கூடை, ஒரு தண்ணீர் வாளி. அவளுக்குத் தமிழ் வாசிக்க வரும், மலையாளத்தில் பஸ் போர்டு வாசிப்பாள். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதச் சொன்னால், பூக்கட்டி ஈரமான விரலோடு பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் இரண்டு பேர் முல்லை கேட்டு நிற்கிறார்கள்.

"அண்ணாச்சி, நீங்களே எழுதித் தந்திருங்க. எனக்கு இது ஒண்ணும் அறிஞ்சுகூடா."

போனைக் கையில் வாங்கினேன். ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன். அடுத்து என் கை தானாகப் பைக்குள் போய் நோட்டை எடுத்தது. பகவதி, பூக்கடை என்று தலைப்பு எழுதி அந்தப் பன்னிரண்டையும் அதில் எழுதிக்கொண்டேன். அதிலிருந்து நாற்பதாவது கடை வரை அப்படித்தான். முதல் இரண்டு கடைக்கும் திரும்பப் போய், சரிபார்க்கிறேன் என்று வாங்கி எழுதிக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பள்ளிகளில் யாரும் கேட்டதில்லை, அதனால் சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. அடுத்து நடந்த எல்லாவற்றிலும் என் குற்றம் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது. நீங்கள் வேறு எங்கும் தேட வேண்டாம்.

ஓணம் வந்தது. அலுவலகங்களில் அத்தப்பூக் கோலம் போடுவார்கள், தெரியுமல்லவா. சங்கருடைய நண்பர்கள் வேலை பார்த்த கம்பெனிகள் பத்து நாளும் பகவதியிடம் பூ வாங்கி, காயினாகவே பணம் கொடுத்தன. அவள் அதுவரை ஒன்றாகப் பார்த்திராத தொகை. "அப்படியே கிடக்கட்டும் மாமி, ஏறும்" என்றான் சங்கர். அவளும் விட்டுவைத்தாள். விலை ஏறியது, பிறகு இறங்கியது, பிறகு இன்னும் இறங்கியது.

அந்தச் சமயத்தில் கடைத்தெருவுக்குள்ளே, கூரைக்குக் கீழே, ஒரு சிறிய கடை அறை காலியானது. இருபது வருடம் வெயிலிலும் மழையிலும் பலகை போட்டு உட்கார்ந்த பகவதிக்கு அது கேட்டுக்கொண்டிருந்த இடம். வெள்ளிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுடைய போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

அடுத்த கடைக்காரர் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது போனைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அது செத்துப்போயிருந்தது. "அந்தச் சீட்டு?" என்று கேட்டேன். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து எடுத்துத் தந்தாள். ஒரு வருடமாகப் பூ ஈரத்தில் கிடந்த தாள். மை பரவி நீலத் தேமல் மாதிரி இருந்தது. பன்னிரண்டில் நாலு சொல்தான் தெரிந்தது.

"வெள்ளிக்கிழம குடுக்கல்லேன்னா எடம் போச்சு அண்ணாச்சி. பழக்கடைக்காரன் துட்டோட நிக்கான்."

சங்கருக்குப் போன் செய்தேன். நோட்டைப் பற்றிச் சொல்லாமல், சீட்டு அழிந்துவிட்டது, என்ன வழி என்று கேட்டேன்.

"வழியில்லை, அண்ணா. யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நான் நெனச்சாக்கூட எடுக்க முடியாது. அதுதானே இதோட பலம்?"

"அந்த அம்மாகிட்ட பலம்னு சொல்லவா?"

"நான் சொன்னேனே, ஜாக்கிரதையா வச்சுக்கணும்னு. பின்னே எந்து செய்யறது?"

வைத்துவிட்டான். கெட்டவன் அல்ல. அவன் நம்பியதை அவன் சொன்னான். பள்ளியில் ஒரு மெஷின் நின்றால் நான் இப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த வாரமே அத்தனை பள்ளியிலும் பழைய மென்பொருள் திரும்ப ஏறியிருக்கும்.

புதன்கிழமை காலை நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இரண்டு வழி இருந்தது. தெரிந்த மொபைல் கடையில் போனைக் கொடுத்து, பழைய போனிலிருந்து மீட்டுவிட்டோம் என்று பொய் சொல்லி, சத்தமில்லாமல் சொற்களைப் போட்டுக் கொடுக்கலாம். அல்லது என்னிடம் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லலாம். நான் உண்மையைத் தேர்ந்தெடுத்தேன். நேர்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிம்மதி முகத்தைப் பார்க்கும் ஆசைதான். காலை ஒன்பது மணிக்கு, கடைத்தெரு நிறைந்து வழிகிற நேரத்தில், நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் வருகிற மாதிரி அவள் கடைக்குப் போனேன்.

"கவலைப்படாதீங்க. எல்லாம் இதுல இருக்கு" என்று பலகையின் மேல், செவ்வந்திப் பூக்களுக்கு நடுவே நோட்டை விரித்தேன்.

அவள் முகத்தில் நிம்மதி வந்தது. ஒரு நொடி. பிறகு நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது உங்க கையில எவ்வளவு நாளா இருக்கு?"

"போட்டுத் தந்த அன்னையிலேருந்தே."

மாலை வாங்க வந்து நின்ற சுடலைமுத்து அண்ணாச்சி காற்றில் புரண்ட பக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏ, அது எம் பேருல்லா? திருப்பும் வே. திருப்பும்ங்கேன். எங் கடைப் பேரு உம்ம பையில என்னத்துக்குக் கெடக்கு?"

அரைமணி நேரத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். நோட்டு கை மாறிக் கை மாறிப் போனது, ஒவ்வொருவரும் தன் பக்கத்தைக் கிழித்துக்கொண்டார்கள். ஒரு பாத்திரக்காரர் தன் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்று கத்தினார். "விலை இறங்கியிருக்கு, நான் எடுக்கல" என்றேன். கணக்குப் புத்தகம் திறந்துதான் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று என் போனில் காட்டினேன். நீள நீளமான எண்ணும் எழுத்தும் வரிசையாக ஓடின. அவர் அதை முறைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல எது நான், எது நீரு?"

அந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுதினேன். எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது என்று அங்கேயும் சொன்னோம், இங்கேயும் சொன்னோம். இரண்டு இடத்திலும் யாரும் வாசிக்கவில்லை. இரண்டு இடத்திலும் எங்கள் முகத்தைத்தான் நம்பினார்கள். பள்ளியில் என்னை நம்புவதற்கு எந்தச் செலவும் இல்லை. என்னால் திருட முடிந்தது எதுவும் அங்கே இல்லை, ஊருக்கே இலவசமாகக் கிடைக்கிற பொருளில் நான் எதை எடுத்துக்கொண்டு ஓடுவேன்? கடைத்தெருவில் அதே நான், அதே நோட்டு, அதே நல்லெண்ணம், ஆனால் என் பையில் நாற்பது குடும்பத்தின் சேமிப்பு இருந்தது. நடுவில் ஆள் வேண்டாம் என்கிற பொருளை நடுவில் ஓர் ஆள் இல்லாமல் அவர்களால் தொடவே முடியவில்லை. அந்த ஆளாக நின்றவனைத் திருடனிலிருந்து பிரித்துக் காட்ட அந்தச் செயலியில் எந்த ஏற்பாடும் இல்லை. உங்கள் பயிற்சிப் புத்தகம் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. என்றைக்கு ஈரக்கைக்காரி ஒருத்தி கூப்பிட்டால் போனை எடுக்க ஒருவன் இருந்து, அவன் நினைத்தாலும் அவள் பணத்தைத் தொட முடியாமல் இருக்கிறதோ, அன்றைக்கு இது தானாகப் பரவும். நீங்கள் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்காது. அதைச் செய்யாமல் நாற்பது கடையை நாலாயிரம் ஆக்கினால், நாலாயிரம் பேரிடம் அடி வாங்குவீர்கள்.

நான் அன்று அடி வாங்கவில்லை. சட்டை மட்டும் கிழிந்தது.

பகவதியின் மகனுடைய போனில் சொற்களைப் போட்டதும் பணம் வந்தது. விற்று, வரிப்பிடித்தம் போக, வியாழக்கிழமை வங்கிக்கு வந்து சேர்ந்தது. விலை இறங்கியிருந்ததால் போதவில்லை. ஒரு வளையலை அடகு வைத்து வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டினாள். அந்த வாரத்திலேயே மற்றவர்களும் எல்லாவற்றையும் விற்று வெளியேறினார்கள். சங்கர் என்னைக் கூப்பிட்டு, "எழுதி வச்சதே துரோகம், அண்ணா. ஒரு வருஷ வேலை போச்சு. போறும், இனி நீங்கோ வரவேண்டாம்" என்றான். அவன் சொன்னது சரி. எழுதி வைக்காமல் இருந்திருந்தால் பகவதியின் பணம் போயிருக்கும் என்பதும் சரி. இரண்டு சரிக்கும் நடுவில் என் சம்பளம் போனது.

சனிக்கிழமை கடைக்காரர்கள் ஒரு சரக்குக் கிட்டங்கியின் மாடியில் என்னை உட்கார வைத்து விசாரித்தார்கள். போலீசுக்குப் போகலாமா என்று பேச்சு. பகவதி வந்திருந்தாள். அவள் ஒருத்தியாவது எனக்காகப் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவளுக்குத்தானே பணம் கிடைத்தது.

"இந்த அண்ணாச்சி எடுக்கல்ல. அது உள்ளது. போலீசு வேண்டாம்" என்றாள். நான் மூச்சு விட்டேன். "ஆனா எம் மடியில கைய விட்டுட்டு, ஒண்ணும் எடுக்கல்லியேன்னு சொன்னா செரியாயிருமா? ஒரு வருசமா எங் கடையில சாயா குடிச்சிருக்கிய. ஒரு வார்த்த சொன்னியளா?"

இனிமேல் தெருவுக்குள் வரக்கூடாது என்று முடிவாயிற்று. நான் எழுந்தேன்.

படியில் இறங்கும்போது பகவதி கூப்பிட்டாள். மகனுடைய போனை நீட்டினாள். "இந்தப் பண ஆப்ப இதுலேருந்து எடுக்கணும். போட்டது நீங்கதானே."

வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அமுக்குதேன். எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

நாற்பது கடையிலும் போனை நான்தான் கையில் வாங்கியிருக்கிறேன். ஒருவரையும் அமுக்கவிட்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு படி கீழே நின்று சொன்னேன். அந்தப் படத்தின் மேல் விரலை வைத்து அழுத்துங்கள், விடாதீர்கள், இப்போது கீழே சிவப்பாக ஒன்று வரும். அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு அமுக்கினாள். முதல் தடவையிலேயே சரியாக வந்தது.